அரை ரதி

நேத்து கதை முடிச்சுட்டு இறங்கறேன், ஒரு பிள்ளை வந்து நமஸ்காரம் பண்ணினான். ஐடி கம்பெனியாம். "மாமா, எங்க டீம் லீடர் மீட்டிங்கிலே எல்லார் எதிர்லயும் 'உனக்குப் பாதி வேலைதான் தெரியும்'னுட்டார். ஆறு மாசமா பேச்சே கிடையாது, மெயில்தான்." ரெண்டு பேர் நாற்காலிக்கும் நடுவிலே மூணடி. மெயில்! அதுவும் மேலதிகாரிக்கு ஒரு சிசி போட்டு. (சிரிப்பு)

அடே, இது மகாபாரதத்து உத்யோக பர்வம்டா! பேரைப் பாருங்கோ, உத்யோகம்!

கௌரவா பக்கம் 11 அக்ஷௌஹிணி சேனை கூடியாச்சு. சேனாபதி பீஷ்மர். நம்ம பக்கத் தேர் வீரர்கள்லே யார் ரதி, யார் அதிரதின்னு துரியோதனன் கேக்கறான். தாத்தா வரிசையா சொல்லிண்டு வரார். கர்ணன் முறை. "இவன் அர்த்தரதன்." அரை ரதி! கவச குண்டலம் போச்சு, பரசுராமர் சாபம் வேற. காரணமெல்லாம் இருக்கட்டும், சொன்ன இடம்? சபை! உடனே துரோணர், வாஸ்தவம்தாங்கறார். இவரை யார் கேட்டா? எல்லா ஆபீஸிலும் ஒரு துரோணர் உண்டு.

யாரும்மா அங்கே போன்? அணைச்சு வை.

கர்ணன் என்ன பண்ணினான்? கிழவர் இருக்கிற வரை வில்லைத் தொடமாட்டேன்னுட்டான். சரி, முதலாளி துரியோதனன்? எனக்கு ரெண்டு பேருமே வேணும்னு ஒரு வார்த்தை. அடுத்த மூச்சிலே, "பாண்டவா பக்கம் யார் யார், சொல்லுங்கோ." அடுத்த அஜெண்டாவுக்குப் போயாச்சு! 18 நாள் யுத்தம், 10 நாள் கர்ணன் களத்துக்கே வரலை. அரை ரதி, ஒரு வார்த்தை, 10 நாள்!

பத்தாம் நாள் தாத்தா அம்புப் படுக்கையிலே. எல்லாரும் போனப்புறம் கர்ணன் தனியா வரான். கால்ல விழறான், தொண்டை அடைக்கிறது. பீஷ்மர் கஷ்டப்பட்டுக் கண்ணைத் திறக்கறார். காவலாளையெல்லாம் போகச் சொல்றார். ஒரு கையாலே அணைச்சுக்கறார், அப்பா பிள்ளையை அணைக்கிற மாதிரி. உன் வீரம் எனக்குத் தெரியாதாடா, நீ அர்ஜுனனுக்குச் சமானம்ங்கறார்.

கேக்க யார் இருந்தா? அரை ரதின்னு சொன்னது சபையிலே. சமானம்னு சொன்னது காவலாளையும் அனுப்பிட்டு!

அந்தப் பிள்ளைகிட்டே கேட்டேன், "உன் டீம் லீடர் ஒரு நல்ல வார்த்தைகூடச் சொன்னதில்லையா?" தலையைக் குனிஞ்சுண்டான்.

"போன வாரம் சொன்னார் மாமா. லிஃப்டிலே. நாங்க ரெண்டு பேர்தான் இருந்தோம். நான் வாயே திறக்கலை."