மங்கலும் மாசும்

'வாம்பிர்' என்றொரு பழைய திரைப்படம். டென்மார்க் நாட்டு இயக்குநர் கார்ல் தியோடர் டிரையர் அதனை 1930-31ஆம் ஆண்டுகளில் பிரான்சு நாட்டில் படமாக்கினார். புனித ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகளை 1928இல் திரையில் வடித்தவர் என்று அவரை அறிந்தோர் நம்மிடையே சிலர் உண்டு. அதனை அடுத்து அவர் எடுத்த படம், குருதி குடிக்கும் பேயைப் பற்றியது என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. 1932 மே மாதம் பெர்லினில் அது திரையிடப்பட்டபோது பார்த்தோர் கூச்சலிட்டனர். அடுத்த முழுநீளப் படத்தை டிரையர் வெளியிட 1943 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

படத்தின் மூல நெகட்டிவ் தொலைந்துபோயிற்று. ஜெர்மானிய, பிரெஞ்சு மொழிகளில் வெளிவந்த முழுமையற்ற பிரதிகளே எஞ்சின. அவற்றைக் கொண்டு 1998இல் மார்ட்டின் கோர்பர் என்பாரும், இத்தாலியின் பொலோஞா திரைப்படக் காப்பகமும் படத்தைச் செப்பனிட்டனர். 2008இல் அது டிவிடியாக இல்லங்களுக்குள் வந்து சேர்ந்தது. பின்னர் டென்மார்க் திரைப்பட நிறுவனமும் பல்லாண்டுகள் உழைத்து மற்றுமொரு முறை செப்பனிட்டது.

பேய்ப்படத்தோடு பங்குத்தந்தைக்கு என்ன உறவு என்று வாசக அன்பர்கள் வினவக்கூடும். நம் சிந்தனையைத் தூண்டியது பேயன்று. செப்பனிடுவோர் எதிர்கொண்ட சிக்கலே.

படப்பிடிப்பின் தொடக்கத்தில் ஒரு காட்சி மட்டும் சாம்பல் பூத்தாற்போல் வெளிறிப் பதிவாகியிருந்தது. காரணம் தேடியபோது, வேண்டாத ஒளி காமிராவின் வில்லையில் தவறுதலாய்ப் பட்டிருந்தமை தெரிந்தது. வேறொருவராயின் அக்காட்சியை எறிந்துவிட்டு மீண்டும் எடுத்திருப்பார். டிரையரும் ஒளிப்பதிவாளர் ருடால்ஃப் மாத்தேயும், தாம் தேடியது அந்த மங்கலே என்று கண்டுகொண்டனர். அதன்பின் ஒளியை வேண்டுமென்றே வில்லையின்மீது பாய்ச்சிப் படமெடுத்தனர். மெல்லிய வலைத்துணியின் ஊடாகவும் எடுத்தனர்.

இனி, எண்பது தொண்ணூறு ஆண்டுகள் கழித்து இப்படத்தைத் துப்புரவு செய்ய அமர்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் முன்னே கீறல் உண்டு, தூசி உண்டு, மங்கல் உண்டு. கீறலும் தூசியும் காலம் இட்டவை; மங்கல் கலைஞர் இட்டது. கணினிக்கு இவ்வேறுபாடு தெரியாது. தூசியென்று எண்ணி மழைத்துளியையும் அது துடைத்துவிடும். மனிதக் கண்ணும் எளிதில் ஏமாறும். என்ன செய்வது? பிரதிகளை ஒப்பிடுவதுதான் வழி. ஒரு பிரதியில் இருந்து மற்றொன்றில் இல்லாத கீறல், அந்தப் பிரதிக்கு நேர்ந்த விபத்து. எல்லாப் பிரதிகளிலும் ஒன்றுபோல் காணப்படும் மங்கலோ மூலத்திலேயே இருந்தது. அதில் கைவைக்க எவருக்கும் உரிமையில்லை.

இப்படத்திற்கு அடிப்படை, அயர்லாந்து எழுத்தாளர் ஷெரிடன் லெ ஃபானு 1872இல் வெளியிட்ட கதைத்தொகுதி. அந்நூலின் தலைப்போ திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்திலிருந்து பிறந்தது. அன்பைப் பற்றிய அந்த 13ஆம் அதிகாரத்தில், இம்மையில் நம் காட்சி கண்ணாடியில் தெரியும் மங்கலான உருவத்தைப் போன்றதே என்கிறார் பவுல். நேருக்கு நேர் காண்பது மறுமைக்குரியது. மங்கலை அவர் நம்பிக்கையின் குறைபாடாகக் கடிந்துகொள்ளவில்லை. வழிப்போக்கரின் இயல்பான நிலையாகவே கூறுகிறார்.

நம் மேய்ப்புப் பணியில் இதை நாம் எத்துணை எளிதாக மறந்துவிடுகிறோம்! பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வரும் தாய், "ஏன் சாமி இப்படி?" என்று கேட்கிறாள். உடனே துடைப்பத்தை எடுத்துவிடுகிறோம்: இறைவனின் திருவுளம் என்கிறோம், சோதனை என்கிறோம், நல்ல மலரை முதலில் பறிக்கிறார் என்றுகூடச் சொல்லிவிடுகிறோம். அவளது இருளை அழுக்கென்று எண்ணித் தேய்க்கிறோம். அது அழுக்குத்தானா? பிரதிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். லிசியே நகர்ப் புனித தெரேசா 1896ஆம் ஆண்டு உயிர்ப்புக் காலத்திலிருந்து 1897 செப்டம்பர் 30இல் இறக்கும்வரை விண்ணகத்தைக் குறித்தே இருளில் தவித்தார். கொல்கத்தாவின் அன்னை தெரேசா இறைவனின் அண்மையை உணராமலே பல்லாண்டுகள் உழைத்தார் என்பதை 2007இல் வெளியான அவருடைய மடல்கள் காட்டின. சிலுவை அருளப்பர் இதே இரவைத் தம் கவிதைக்கும் இறையியலுக்கும் பொருளாக்கினார். கல்வாரியில் ஆண்டவரே தாம் கைவிடப்பட்டதாகக் கதறினார். இத்தனை பிரதிகளிலும் காணும் ஒன்றை மாசு என்று துடைக்கப் புகுவது யார் கொடுத்த அதிகாரத்தால்?

மறுபுறமும் உண்டு. மூலத்தில் இல்லாத கறையொன்று நெடுங்காலம் படிந்திருந்தால், அதையே மூலம் என்று காப்பாற்றத் துணிவோரும் உளர். சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் அமைத்து, "இது எங்கள் முன்னோர் மரபு" என்று வாதிடுவோரைச் சொல்கிறோம். எப்பிரதியில் அது இருக்கிறது? பெந்தகோஸ்து நாளிலா? பவுல் கலாத்தியருக்கு எழுதிய மடலிலா? இது நம் பிரதியில் மட்டும், நம் கைகள் இட்ட கீறல். இதற்கு மறைபொருள் என்றோ மரபு என்றோ பெயரிட்டு மதிப்புத் தேடுவது நேர்மையாகாது. இங்கே தாராளமாகத் தேய்க்கலாம். ஆனால் துடைப்பத்தைத் தேடும் கைகள்தாம் குறைவு! தாயின் கண்ணீரைத் துடைக்க விரையும் நமக்கு, கல்லறைச் சுவரை இடிக்க மட்டும் ஏனோ தலைமுறைகள் தேவைப்படுகின்றன.

'வாம்பிர்' படத்தின் இறுதியில் கதைத்தலைவனும் பேயின் பிடியிலிருந்து தப்பிய இளம்பெண்ணும் மூடுபனி கவிந்த ஆற்றில் படகில் செல்கின்றனர். கரை எத்திசையில் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பார்க்கும் நமக்கும் தெரியவில்லை. செப்பனிடப்பட்ட பிரதியிலும் அந்தப் பனி அப்படியே இருக்கிறது. கீறல்கள் மட்டும் குறைந்திருக்கின்றன.