பகைவர் வழியே வந்த இனிமை

கி.பி. 1440ஐ ஒட்டிய ஆண்டுகளில் மார்ட்டின் ல ஃப்ரான் என்னும் திருப்பணியாளர் பெண்களின் மாண்பைப் போற்றிப் பிரெஞ்சு மொழியில் பல்லாயிரம் அடிகள் கொண்ட நெடுங்கவிதை ஒன்றை இயற்றினார். 'மகளிர் காவலன்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். பர்கண்டியின் கோமகன் பிலிப்புக்கு அந்நூல் காணிக்கையாக்கப்பட்டது. எடுத்துக்கொண்ட பொருளை விட்டுச் சற்றே விலகி, தம் காலத்து இசையைப் பற்றியும் அதில் சில பாக்களில் பேசுகிறார் கவிஞர். சில காலத்துக்கு முன்வரை பாரீசு மக்களை வியப்பில் ஆழ்த்திய பாடகர்கள், டுஃபாய், பென்ஷ்வா ஆகிய இருவர் முன்னே மங்கிப் போயினர் என்கிறார். அவ்விருவரும் ஆங்கிலேயரின் பாங்கைத் தமதாக்கிக் கொண்டனர். டன்ஸ்டபிள் என்பவரைப் பின்பற்றினர். ஆகவேதான் அவர்களுடைய இசையில் இத்துணை மகிழ்ச்சி பொங்குகிறது என்பது அவர் கூறும் காரணம். 'ஆங்கிலப் பாங்கு' என்ற அச்சொற்றொடர் பின்னாளில் இசை வரலாற்றில் ஒரு காலகட்டத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது.

இப்பகுதியை எடுத்தாள்வோர் பலர் ஒன்றை எண்ணிப் பார்ப்பதில்லை. ல ஃப்ரான் நார்மண்டியில் பிறந்தவர். அவர் இதை எழுதியபோது அவருடைய பிறந்த மண் ஆங்கிலேயப் படையின் பிடியில் இருந்தது. தன் நாட்டை மிதித்துக் கொண்டிருப்பவனின் பாடலை ஒருவர் இவ்வாறு மனந்திறந்து புகழலாமா? இசையறிஞர் இக்கேள்வியைத் தங்களுடையதாகக் கருதுவதில்லை. ஒழுக்கவியல் கற்றவர்கள் இதனை எளிதில் கடந்து செல்ல இயலாது.

முதலில் அப்பாங்கு எத்தகையது என்று பார்ப்போம். நமக்குப் பழக்கமான சுரங்களைக் கொண்டு கூறினால், ஷட்ஜத்தோடு பஞ்சமம் சேர்ந்து ஒலிப்பது மேலைநாட்டார் கணக்கில் ஐந்தாம் இடைவெளி. ஷட்ஜத்தோடு அந்தர காந்தாரம் சேர்ந்து ஒலிப்பது மூன்றாம் இடைவெளி. ஐரோப்பியக் கண்டத்தின் இசை இலக்கணம் நெடுங்காலமாக முன்னதையே நிறைவான இயைபு என்று கொண்டது. பிதாகரசின் கணக்கின்படி மூன்றாம் இடைவெளியின் விகிதம் 81க்கு 64 என வரும். அவ்வாறு இசைத்தால் அது செவியில் சற்று உறுத்தும். இங்கிலாந்திலோ பாடகர்கள் அந்த இடைவெளியை விரும்பிப் பாடினர். எவிஷம் மடத்துத் துறவி வால்ட்டர் ஓடிங்டன் 1300ஐ ஒட்டி எழுதிய நூலில், மூன்றாம் இடைவெளி 5க்கு 4 என்ற எளிய விகிதத்துக்கு மிக அருகில் இருப்பதைக் குறிப்பிட்டு, மனிதக் குரல் தானாகவே அதனை இனிமையாக்கிக் கொள்கிறது என்கிறார். கணக்கு தவறென்று விலக்கியதைத் தொண்டை சரியென்று கண்டுகொண்டது! லயோனல் பவர், ஜான் டன்ஸ்டபிள் போன்றோர் இவ்வியல்பான இனிமையைப் பெருங்கலையாக வளர்த்தனர். மூன்றும் ஆறுமாகிய இடைவெளிகள் நிறைந்து, உறுத்தும் ஓசைகள் கவனமாக அடக்கப்பட்டு, குரல்கள் ஒன்றையொன்று முந்தாமல் சேர்ந்து நகரும் இசை அது. இன்று எந்தக் கோவில் பாடகர் குழுவும் இருகுரலில் பாடும்போது இயல்பாகச் சேர்க்கும் ஓசை அன்று ஐரோப்பாவுக்குப் புதுமையாக இருந்தது.

அந்தப் புதுமை கடலைக் கடந்து வந்த வழிகள் பல. கொன்ஸ்தான்ஸ் பொதுச்சங்கத்துக்கு (1414-1418) வந்த ஆங்கிலேய ஆயர்கள் தம் பாடகர்களையும் உடன் அழைத்து வந்தனர். பல நாட்டாரும் அங்கே அவர்களைக் கேட்டனர். (அதே சங்கம்தான் 1415 ஜூலை 6ஆம் நாள் ஜான் ஹஸ்ஸைத் தீக்கு ஒப்புக்கொடுத்தது. அக்கொடிய சாவுக்காகத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1999இல் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார்.) வணிகர் வழியாகவும் சில ஏடுகள் சென்றிருக்கும். ஆயினும் அகன்ற பாதை போரின் பாதையே.

ஐந்தாம் ஹென்றி 1415இல் அஜின்கோர்ட்டில் வென்றான். 1417இல் நார்மண்டியைக் கைப்பற்றப் புறப்பட்டான். 1418 ஜூலை முதல் 1419 ஜனவரி வரை ரூவான் நகரை முற்றுகையிட்டான். உணவு அற்றுப்போன நிலையில் நகரத்தார் முதியோரையும் பெண்களையும் சிறுவரையும் மதிலுக்கு வெளியே அனுப்பினர். மன்னன் அவர்களைத் தன் படையைக் கடந்து செல்ல விடவில்லை. மதிலுக்கும் பாளையத்துக்கும் இடைப்பட்ட அகழியில், குளிர்காலத்து மழையில், அவர்கள் பட்டினியால் மடிந்தனர். கிறிஸ்து பிறப்பு நாளன்று மட்டும் அவர்களுக்கு உணவு அனுப்பப்பட்டதாம். இம்மன்னன் இசையில் தேர்ந்தவன். 'ஓல்டு ஹால்' என்னும் கையெழுத்தேட்டில், 'ஹென்றி மன்னர்' என்ற பெயரில் உன்னதங்களிலே கீதம் ஒன்றும் தூயவர் கீதம் ஒன்றும் உள்ளன. அவற்றை இயற்றியவன் இவனே என்பது அறிஞர் பலரின் முடிவு. அந்த ஏடு நெடுங்காலம் இங்கிலாந்தின் கத்தோலிக்கக் கல்லூரி ஒன்றில் இருந்து, 1973 முதல் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. அகழியில் மக்கள் சாக, பாளையத்தில் 'உலகில் நல்மனத்தோர்க்கு அமைதி' என்று பாடும் ஒருவனை நாம் என்னவென்று சொல்வது?

ஹென்றிக்குப் பின் அவன் தம்பி பெட்ஃபோர்டு கோமகன் 1422 முதல் 1435 வரை பிரான்சில் அரசப் பிரதிநிதியாக ஆண்டான். கேம்பிரிட்ஜில் உள்ள வானியல் ஏடு ஒன்றின் குறிப்பு, டன்ஸ்டபிளை இக்கோமகனின் இசைஞர் என்கிறது. கோமகனின் ஆட்சியில்தான் புனித ஜோன் ஆஃப் ஆர்க் 1431 மே 30ஆம் நாள் ரூவான் சந்தைத் திடலில் எரிக்கப்பட்டார். அதே ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள், பத்து வயது நிரம்பிய ஆறாம் ஹென்றிக்குப் பாரீசின் நோத்ர தாம் ஆலயத்தில் பிரான்சின் முடி சூட்டப்பட்டது. டன்ஸ்டபிளும் வெறும் பாடகராக ஒதுங்கி நின்றவர் அல்லர். பின்னர் குளோஸ்டர் கோமகனின் பணியாளராக இருந்த அவருக்கு 1437இல் நார்மண்டியில் நிலம் வழங்கப்பட்டது. வென்றவன் வழங்கும் நிலம் முன்பு யாரோ ஒருவரின் நிலம். பென்ஷ்வாவும் 1424இல் பாரீசில் ஆங்கிலேயப் பிரபுவான சபோக்கின் பணியில் இருந்து அவருக்காகப் பாட்டு இயற்றியவர்.

ஆகவே இந்த இனிமையை இரத்தக்கறையிலிருந்து எளிதாகப் பிரித்துவிட முடியாது. 'கலை வேறு, அரசியல் வேறு' என்று கைகழுவுவோர் உண்டு. அவர்களோடு நான் உடன்படவில்லை. மன்னனின் சிற்றாலயத்தில் எழுந்த பாடல் மன்னனின் பெருமைக்கும் எழுந்தது. அதைக் கேட்டோர் அவனுடைய உரிமையையும் சேர்த்தே கேட்டனர். மறுபுறம், கறைபட்ட கையிலிருந்து வருவது எல்லாமே கறை என்று தள்ளுவதையும் திருச்சபையின் மரபு ஏற்றதில்லை.

புனித அகுஸ்தீனார் கிறிஸ்தவப் போதனை பற்றிய நூலில், எகிப்தியரின் பொன்னையும் வெள்ளியையும் இஸ்ரயேலர் எடுத்துச் சென்றதைச் சுட்டி, பிற இனத்தாரின் அறிவிலும் கலையிலும் உள்ள உண்மையை நாம் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று கற்பிக்கிறார். குருமடத்தில் இப்பகுதியைப் படிக்காதவர் இல்லை. ஆனால் நம் பொருளுக்கு இது அப்படியே பொருந்தாது. எகிப்தில் பொன்னை எடுத்தவன் அடிமை; கொடுத்தவன் ஆண்டவன். விடுதலையின் நாளில், கூலியற்ற உழைப்புக்கு ஈடாக அது கைமாறியது. நார்மண்டியில் நடந்தது வேறு. பார்வோனே தன் பொன்னைச் சுமந்துகொண்டு அடிமையின் வீட்டுக்குள் நுழைந்து, 'இது எத்துணை அழகு, பார்' என்கிறான். பெற்றுக்கொள்ளச் சொல்பவன் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறான். விடுதலைப் பயண நூலையும் முழுதாக வாசிக்க வேண்டும்: எகிப்தின் அதே பொன்னால் கன்றுக்குட்டியும் வார்க்கப்பட்டது, சந்திப்புக் கூடாரமும் அணிசெய்யப்பட்டது.

இங்கே அக்குவினா நகர்ப் புனித தோமாவின் தெளிவு நமக்கு உதவுகிறது. தீமை தனக்கென ஓர் இருப்பு உடையதன்று. இருக்க வேண்டிய நன்மையின் குறையே தீமை. இரு குரல்கள் மூன்றாம் இடைவெளியில் இயையும்போது அங்கே குறை ஏதுமில்லை. அந்த நன்மைக்கு ஹென்றி உரிமையாளன் அல்லன், டன்ஸ்டபிளும் அல்லர்; படைத்தவர் காற்றுக்கும் செவிக்கும் இட்ட ஒழுங்கு அது. குறை இருந்தது முற்றுகையில், நிலப்பறிப்பில், ரூவானின் பொய்த் தீர்ப்பில். ஆகவே அப்பாடலைக் கற்றவன் கொள்ளைப்பொருளை வாங்கியவன் ஆகான். பறிக்கப்பட்ட நிலத்தை வாங்குகிறவன் உரியவனுக்கு அதனை மறுக்கிறான். பாடலைக் கற்றவனால் எவரும் எதையும் இழக்கவில்லை.

எனினும் இந்த வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு. இதைச் சொல்லும் உரிமை யாருக்கு? முற்றுகையில் தாயை இழந்த ரூவான் பெண் ஒருத்தி, தன் பேராலயத்தில் ஆங்கிலேயர் பாடக் கேட்டதும் எழுந்து வெளியே போயிருந்தால், அவளைத் தடுத்து நிறுத்தி இடைவெளிகளின் இலக்கணத்தை விளக்கும் தகுதி எந்த இறையியலாருக்கும் இல்லை. அழகை அனுபவிக்க வேண்டும் என்று காயப்பட்டவரைக் கட்டாயப்படுத்துவது இரண்டாவது கொடுமை. பெற்றுக்கொள்வது அவர் தாமாகத் தர வேண்டிய சம்மதம். கொடுத்தவன் கணக்கில் அதனை வரவு வைக்க முடியாது. இசை இனித்தது என்பதற்காக முற்றுகையின் கடனில் ஒரு காசும் குறைவதில்லை.

ல ஃப்ரானை நான் மதிப்பது இங்கேதான். ஆங்கில இசையைப் புகழும் அதே நெடுங்கவிதையில் அவர் ஜோனையும் காத்துப் பேசுகிறார். அந்தக் கன்னிப்பெண் தப்பறைக்காரி அல்லள், இறைவனால் அனுப்பப்பட்டவள் என்று வாதாடுகிறார். எப்போது? அவரைத் தண்டித்த தீர்ப்பு நீக்கப்பட்டது 1456இல். புனிதர் பட்டம் 1920இல். ஜோன் எரிக்கப்பட்டுப் பத்து ஆண்டுகளே கழிந்த நிலையில், தீர்ப்பு இன்னும் நிலைத்திருக்கும்போதே அவர் எழுதினார். யாருக்குக் காணிக்கையாக்கினார்? கோமகன் பிலிப்புக்கு! 1430இல் கொம்பியேனில் ஜோனைப் பிடித்து, 10,000 பொன் பெற்றுக்கொண்டு ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தவர்கள் அப்பிலிப்பின் தரப்பினரே. எரித்தவர்களின் இசை இனியது என்றார். எரிக்கப்பட்டவள் குற்றமற்றவள் என்றார். ஒன்றைச் சொல்ல மற்றொன்றை மறைக்கவில்லை. நம்மில் பலர் இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறோம்: பகைவனிடம் நல்லதே இல்லை என்கிறோம், அல்லது அவன் தந்த நல்லதைக் காட்டி அவன் செய்த தீமையை மூடுகிறோம்.

பெற்றவர்கள் பின்னர் என்ன செய்தனர் என்பதும் கருதத்தக்கது. டுஃபாயும் பென்ஷ்வாவும் படியெடுப்போராக நின்றுவிடவில்லை. அடுத்த தலைமுறையில் ஓக்கெகெம் அதனை மேலும் வளர்த்தார். 1470களில் டிங்க்டோரிஸ் என்னும் இசையறிஞர், இப்புதிய கலையின் ஊற்று ஆங்கிலேயரிடமே தோன்றியது, டன்ஸ்டபிளே அவர்களில் தலையாயவர் என்று ஒப்புக்கொண்டு, ஆங்கிலேயரோ இன்னும் பழைய முறையிலேயே நிற்கின்றனர் என்றும் எழுதினார்.

அதைவிடப் பெரியது ஒன்றுண்டு. 1536 முதல் 1540 வரை இங்கிலாந்தின் மடங்கள் கலைக்கப்பட்டன. 1550இல் பழைய வழிபாட்டு நூல்களை ஒழிக்கச் சட்டமே வந்தது. அந்நாட்டின் இசையேடுகளில் மிகப் பெரும்பகுதி அழிந்தது. டன்ஸ்டபிளின் பெயரில் இன்று நம்மிடம் உள்ள ஐம்பதுக்கு மேற்பட்ட பாடல்களில் பெரும்பாலானவை இங்கிலாந்தில் அல்ல, இத்தாலிய ஏடுகளில்தான் பிழைத்தன. திரெந்து நகரின் ஏழு கையெழுத்தேடுகள், மோதெனா ஏடு, பொலோஞ்ஞா ஏடு, ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் அவோஸ்தா குருமட நூலகத்து ஏடு என அவை சிதறிக் கிடந்தன. குருமட நூலகங்களின் புழுதியை அறிந்தவர்கள், அந்தக் கடைசி ஏடு எத்துணை ஆண்டுகள் எவராலும் புரட்டப்படாமல் கிடந்திருக்கும் என்று ஊகித்துக் கொள்ளலாம். எழுதி வைத்தவர்கள் அன்னியர். கொளுத்தியவர்கள் சொந்த நாட்டார். ரூவான் பேராலயத்தில் இருந்த பெட்ஃபோர்டின் கல்லறையும் 1562இல் சிதைக்கப்பட்டது. அவனது ஆட்சியின் சுவடு பிரான்சில் மிகக் குறைவு.

இவ்வாறு பிழைத்த படைப்புகளுள் 'காப்புத்' என்னும் திருப்பலி இசை ஒன்று. இலத்தீனில் அச்சொல்லுக்குத் 'தலை' என்று பொருள். நான்கு குரலில் அமைந்த அதன் எல்லாப் பகுதிகளும் ஒரே பழைய இராகத்தைத் தாங்கி நிற்கின்றன. ஒரே இராகத்தால் திருப்பலி முழுவதையும் பிணைக்கும் முறையே ஆங்கிலேயர் தந்ததுதான். ஓக்கெகெமும் ஓப்ரெக்டும் இதே இராகத்தை எடுத்துத் தத்தம் திருப்பலி இசையை அமைத்தனர். நெடுங்காலம் இது டுஃபாயின் படைப்பென்றே எண்ணப்பட்டது. 1950இல் மான்ஃப்ரெட் புக்கோஃப்சர் என்ற அறிஞர் அந்த இராகத்தின் மூலத்தைக் கண்டறிந்து வெளியிட்டார். சாலிஸ்பரி வழிபாட்டு முறையில், பெரிய வியாழனன்று பாதங்கழுவும் சடங்கில் பாடப்படும் முன்மொழி ஒன்றின் கடைசிச் சொல்லில், நீண்டு சுழன்று செல்லும் சுரவரிசை அது. பின்னர், இதனை இயற்றியவர் டுஃபாய் அல்லர், பெயர் எழுதி வைக்காத ஆங்கிலேயர் ஒருவர் என்று அறிஞர் தெளிந்தனர். அந்த முன்மொழி யோவான் நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஆண்டவர் குனிந்தபோது பேதுரு முதலில் கால்களைத் தர மறுக்கிறார். பின்பு மனம் மாறி, கைகளையும் தலையையும் கூடக் கழுவும்படி கேட்கிறார். அந்தத் 'தலை' என்ற சொல்லின் மேல்தான் அந்த இராகம் அமைந்திருக்கிறது.