தன் பிள்ளைக்குச் செய்வதும் தர்மமா?



ஆனையூரில் நம் தாங்கலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்ததும், அன்னதர்மத்துக்குப் பந்தி போடும் முன் என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எனக்கு மேடைப் பேச்சு வராது. பரீட்சை முடிந்த நேரம் என்பதால் பிள்ளைகள் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்காக நம் மதுரைப் பக்கத்துக் கதை ஒன்றைச் சொன்னேன். சக்கிமங்கலம் ரேவதி வீரமணியின் கதை அது.

கேள்விப்படாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மதுரைக்குக் கிழக்கே இருக்கிறது சக்கிமங்கலம். ரேவதி சிறு பிள்ளையாக இருக்கும்போதே அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்து நோயில் போய்விட்டார்கள். ரேவதியும் தங்கையும் அம்மாவைப் பெற்ற பாட்டியின் கைக்கு வந்தார்கள். பாட்டிக்குச் சொத்து கிடையாது. வயலிலும் செங்கல் சூளையிலும் கூலி வேலை. 'ரெண்டு பொட்டப் பிள்ளைகளையும் வேலைக்கு அனுப்பு' என்றார்கள் சொந்தக்காரர்கள். பாட்டி கேட்கவில்லை, பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்பினார். பள்ளிப் போட்டி ஒன்றில் ரேவதி ஓடியதைக் கண்ணன் என்ற பயிற்சியாளர் பார்த்தார். பிள்ளையை அனுப்பப் பாட்டிக்கு முதலில் மனம் வரவில்லை. அவர் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்து, லேடி டோக் கல்லூரியில் இடமும் வாங்கிக் கொடுத்தார். ஷூ வாங்க வழியில்லாமல் வெறுங்காலோடு ஓடிய பெண் அவர். 2016-இல் கோயம்புத்தூரில் நடந்த ஜூனியர் தேசியப் போட்டி வரைக்கும் அப்படித்தான் ஓடினார். 2021 ஜூலை 4 அன்று பாட்டியாலாவில் நடந்த தேர்வு ஓட்டத்தில் 400 மீட்டரை 53.55 விநாடியில் முடித்து, டோக்கியோ ஒலிம்பிக் கலப்புத் தொடர் ஓட்ட அணியில் இடம் பிடித்தார்.

இந்த இடத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு தம்பி மட்டும் தட்டவில்லை. கல்லூரியில் படிக்கிற பையன். பந்தி முடிந்ததும் என்னிடம் வந்தான். "அண்ணாச்சி, பாட்டி செஞ்சது பெரிய காரியம்தான், இல்லைங்கல. ஆனா அது தன் மக வயித்துப் பேத்திதானே? தன் ரத்தத்துக்குச் செய்யறத எப்படித் தர்மம்னு சொல்றீங்க? கோழிகூடத் தன் குஞ்சுக்குக் கொத்திக் கொடுக்குது" என்றான்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அய்யாவே பார்த்துக்கொள்வார் என்று சிரித்து மழுப்பி விட்டேன். அது தப்பு. இளவட்டம் உண்மையாகக் கேட்கிற கேள்விக்குப் பெரியவர்கள் அய்யா பெயரைச் சொல்லித் தப்பிக்கக் கூடாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது. தாழ்ந்து கிடப்பவரைக் காப்பதைத்தான் அய்யா தர்மம் என்று நமக்குக் காட்டினார். தன் வீட்டை மட்டும் காத்துக்கொள்வதை அப்படிச் சொல்லவில்லை. முத்திரிக் கிணற்றடியில் பதினெட்டுச் சாதியையும் ஒன்றாகக் குளிக்க வைத்து ஒன்றாகச் சாப்பிட வைத்தது, 'என் ஆள், உன் ஆள்' என்ற கோட்டை அழிக்கத்தானே. அப்படி இருக்க, பேத்திக்குச் சோறு போட்டதைத் தன்னலம் இல்லாத செயல் என்று எப்படிச் சொல்வது?

அந்தப் பாட்டிக்கு முன்னால் வேறு என்ன வழி இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். வேலைக்குப் போகிற வயதில் இரண்டு பேத்திகள். அனுப்பியிருந்தால் வீட்டில் மூன்று கூலி. சூளையில் கல் சுமக்கிற தன் இடுப்புக்குக் கொஞ்சம் ஓய்வு. ஊரும் அதைத்தான் சொன்னது, யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பாசத்தையும் தன்னலத்தையும் ஒரே பாத்திரத்தில் வைத்துச் சமைக்க முடியும் என்பதற்கு நம் தெருவிலேயே சாட்சி உண்டு. 'என் பிள்ளை என்னை விட்டுப் போகக் கூடாது' என்று கிடைத்த வேலைக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்ட வீடுகள் எனக்குத் தெரியும். அதுவும் ரத்தபாசம்தான். தம்பி சொன்ன கோழி, குஞ்சுக்குக் கொத்திக் கொடுக்கும், உண்மை. ஆனால் சிறகு முளைத்த பிள்ளையை யாரோ ஒரு பயிற்சியாளர் கையில் ஒப்படைக்க, ஒரு கிழவி எத்தனை பயத்தை விழுங்கியிருக்க வேண்டும்! முதலில் மாட்டேன் என்றவர்தானே அவர்.

வளர்த்ததற்காகப் பாட்டிக்கு நன்றி சொல்லலாம். ஆனால் நான் அவரைக் கும்பிடுவது, விட்டுக் கொடுத்ததற்காக.

தொடர் ஓட்டத்தில் இது கண்ணால் பார்க்கக் கிடைக்கிறது. 400 மீட்டர் ஓடுகிறவர் மூச்சு அறுந்துபோகும் நேரத்தில்தான் அடுத்தவர் நிற்கும் கட்டத்துக்கு வந்து சேர்கிறார். அந்தக் கட்டம் 20 மீட்டர்தான். அதற்குள் கையிலிருக்கும் கோலைக் கொடுத்துவிட வேண்டும். இறுக்கிப் பிடித்தாலும் கெட்டது, அவசரப்பட்டு நழுவ விட்டாலும் கெட்டது. கொடுத்ததும் அவர் ஓட்டம் முடிந்தது. ஓரமாக விலகி முழங்காலில் கைவைத்துக் குனிந்து நிற்கிறார். மீதி ஓட்டம் அடுத்தவர் காலில் இருக்கிறது. டோக்கியோவில் ரேவதியோடு ஓடியவர்கள் முகமது அனஸ், சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ். நால்வரில் மூவர் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள்.

அவர்கள் ஜெயிக்கவில்லை. 3 நிமிடம் 19.93 விநாடி, தங்கள் சுற்றில் கடைசி இடம். இதை நான் அன்று தாங்கலில் சொல்லவில்லை. கைதட்டல் குறைந்துவிடும் என்று பயந்தேன் போலிருக்கிறது. இப்போது சொல்கிறேன். பதக்கம் கிடைக்காதது வலிக்காமல் இருக்காது. நாம் இங்கே உட்கார்ந்துகொண்டு 'கலந்துகொண்டதே பெருமை' என்று சொல்வது எளிது, ஓடியவருக்குத்தான் தெரியும். ஆனால் பாட்டி சூளையில் சுமந்த கல்லுக்கு அந்த விநாடிக் கணக்கு பதில் சொல்ல வேண்டியதில்லை. பதக்கம் வரும் என்று பார்த்தா அவர் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்? டோக்கியோ என்று ஒரு ஊர் இருப்பதே அன்று அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

ஊக்கம், ஊக்கம் என்று இப்போது செல்போனைத் திறந்தால் ஆளாளுக்குப் பேசுகிறார்கள். காலையில் கேட்டால் மத்தியானம் வரை தாங்கும். விடியும் முன் எழுந்து வேலைக்குக் கிளம்புகிற ஒருவரின் காலடிச் சத்தத்தைத் தினமும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பேச்சு தேவைப்படாது. வாகைப்பதியில் எழுநூறு குடும்பங்கள் துவையல் தவசு இருந்ததை நாம் ஏட்டில் வாசிக்கிறோம். குளிப்பது, துணி துவைப்பது, ஒரு வேளை உண்பது, மறுநாள் மறுபடி அதே. கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. அந்தச் சாதாரணத்தைத்தான் தவசு என்றார் அய்யா. சிங்காரத்தோப்புச் சிறையில் அவர் இருந்த 110 நாளும் ஒவ்வொரு நாளாகத்தானே கழிந்திருக்கும்.

இன்னொரு விஷயம் பாக்கி இருக்கிறது. யானைமலைப் பக்கம் கொடிக்குளத்தில் பூரணம் அம்மாள் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்குத் தானமாக எழுதிக் கொடுத்த செய்தியை 2024 ஜனவரியில் எல்லாரும் படித்திருப்பீர்கள். மதிப்பு ஏழு கோடி ரூபாய் என்றார்கள். அவர் ஒரு வங்கி ஊழியர். கணவரை இழந்தவர், ஒரே மகள் ஜனனியையும் பறிகொடுத்தவர். பள்ளிக்கு மகள் பெயரை வைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். அந்த நேரம் நம் ஆட்களிலேயே ஒருவர், "பேர் கேட்டுட்டாங்களே, அப்புறம் என்ன தர்மம்" என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித் தோன்றியது. தம்பி கேட்டதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான்.

அதற்குப் பதில் எனக்குப் பாத்திரம் கழுவும் இடத்தில் கிடைத்தது. தம்பி கேட்டுவிட்டுப் போன அன்று மனசு சரியில்லாமல் பின்கட்டில் போய் நின்றேன். நம் தாங்கலில் வாரா வாரம் சோற்றுப் பானைகளைத் தேய்க்கிற அக்காவை எல்லாருக்கும் தெரியும். ஒரு பாத்திரத்திலும் அவர் பெயர் கிடையாது. பேர் வெட்டிய அண்டாவையும் வெட்டாத அண்டாவையும் ஒரே மாதிரிதான் தேய்ப்பார் என்று நினைத்திருந்தேன். அன்று பார்த்தால் ஒரு பழைய பித்தளைத் தவலையைத் தனியாக எடுத்து வைத்து, புளி போட்டு மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, இதுக்கு மட்டும் இவ்வளவு உபசாரம்?" என்றேன்.

"பேரைப் பாருங்க அண்ணாச்சி. செத்துப்போன மகன் பேரை வெட்டிக் குடுத்திருக்காங்க அந்த அம்மா. வாரம் தவறாம வந்து பந்தியில உக்காந்து இந்தத் தவலையையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. ஊரு பிள்ளைக எல்லாம் இதுலருந்து சோறு வாங்கித் திங்குதுல்ல, அதைப் பாப்பாங்க. நசுங்கிறாம வச்சிருக்கணும்" என்றார்.

பள்ளியறையில் கண்ணாடி முன் நிற்கும்போது என் முகத்தோடு, எனக்குப் பின்னால் நிற்கிறவர் முகமும் அதில் தெரியும். இத்தனை வருடம் பார்த்திருக்கிறேன், என்னைத்தான் பார்த்திருக்கிறேன். போன வாரம் எனக்குப் பின்னால் நின்றது அந்தத் தவலைக்கார அம்மா. அவருக்குப் பின்னால் அந்தத் தம்பி, தலைப்பாகையைச் சரியாகக் கட்டத் தெரியாமல் கட்டிக்கொண்டு.

படிப்பு முடிந்ததும் அவனிடம் இவ்வளவையும் சொல்லிப் பார்த்தேன். முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. "யோசிக்கிறேன் அண்ணாச்சி" என்றான். அக்கா உள்ளிருந்து கூப்பிட்டார். தவலையின் மறுபக்கத்துக் காதைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. போய்ப் பிடித்தான்.