பெயர் மறந்த ஆட்டம்

மரம் வெட்டியது நினைவிருக்கும், பொன் சேர்த்தது நினைவிருக்கும், கோட்டை கட்டியதும் நினைவிருக்கும். எப்போதோ ஆடிய அந்தக் கணினி ஆட்டத்தின் பெயர் மட்டும் நாவில் வராது. 1997இல் வெளியான ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ போன்ற கணினி வியூக ஆட்டங்களில், நம் ஆள் எட்டிப் பார்க்காத நிலம் கறுப்பாகவே கிடக்கும். நடக்க நடக்கத்தான் துலங்கும். நினைவும் அத்தகையதே. விக்கிரமங்கலத்துத் திண்ணையில் 3 புலியும் 15 ஆடும் வைத்து ஆடியதானாலும், அரியலூர் பிரவுசிங் சென்டரில் படை நடத்தியதானாலும், ஆட்டத்தின் நினைவில் ஒரு பாதி நம்மிடம் இருக்கும். மறுபாதி எதிரே அமர்ந்தவரிடம் இருக்கும். தனியே தேடினால் பெயர் கிடைக்கலாம். கூட ஆடியவரைக் கேட்டால் பெயரோடு நட்பும் திரும்பும். இன்றே அவரை அழைத்துக் கேளுங்கள்.