மூன்று படம் போதும், தம்பி!

நொடிக்கு மூன்று படம்தான் எடுக்கும் கேமரா என்பதற்காகவா பல்லவராயன்பட்டி ஜல்லிக்கட்டில் கடைசி வரிசைக்குப் போய் ஒதுங்குகிறாய்? பக்கத்தில் நிற்பவரின் கேமரா தடதடவென்று பொரிந்து தள்ளுகிறதாம். உன் கேனான் 1500டி டக், டக், டக் என்கிறதாம். இதற்கா இந்தக் கூச்சம்? நிமிர்ந்து நில், ஒரு கணக்குச் சொல்கிறேன்.

சோனி ஏ9 III நொடிக்கு 120 படம் எடுக்கும். ஷட்டர் ஸ்பீடு 1/2000 என்று வைத்துக்கொள். 120 படத்தையும் கூட்டினாலும் அது பார்ப்பது அந்த நொடியில் நூற்றுக்கு 6 பங்குதான். மீதி 94 பங்கு அதற்கும் இருட்டு! லட்சங்களைக் கொட்டி வாங்கிய கேமராவுக்கே இந்தக் கதி.

உன் பாடு கடினம்தான், மறுக்கவில்லை. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே மூன்றில் ஒரு பங்கு நொடி கழிந்துவிடும். அதற்குள் காளை ஒரு பாய்ச்சல் பாய்ந்திருக்கும். அதனால் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு அதிர்ஷ்டத்துக்குக் காத்திருப்பது உனக்கு ஆகாது. முதல் படமே உச்சத்தில் விழ வேண்டும். அதை எடுப்பது உன் கண்!

மைக்கில் மாட்டின் ஊர்ப்பேரைச் சொல்லும்போதே பட்டனைப் பாதி அழுத்தித் தயாராகு. வாடிவாசலுக்குள்ளே மூக்கணாங்கயிறு அறுபடும். வாசலோரம் அணைந்து நிற்கும் வீரர்களின் தோள்கள் இறுகுவதைப் பார். அதுதான் உனக்கு மணியோசை. சில மாடு வந்த வேகத்தில் ஓடிவிடும், சில மாடு நின்று விளையாடும். நின்று விளையாடும் மாடு திரும்பத் தலையைத் தாழ்த்துமே, அங்கே அழுத்து! மூன்றே படம், கையை எடு. ராவில் நீளமாக அழுத்தினால் பஃபர் நிறைந்து கேமரா திணறும், அந்த நேரம் பார்த்துத்தான் ஒருவன் திமிலைப் பிடிப்பான். ஃபோகஸ் 'ஏஐ சர்வோ'வில் இருக்கட்டும். ரா வேண்டாம், ஜேபெக் போதும். ராவில்தான் எடுப்பேன் என்ற வீம்பெல்லாம் ஸ்டுடியோவோடு.

1878-இல் புகைப்படக்காரர் மைபிரிட்ஜ், ஓடும் குதிரையின் நான்கு கால்களும் தரையை விட்டு எழுவதைக் காட்டினார். அவரிடம் ஏது தொடர்ந்து படமெடுக்கும் பர்ஸ்ட்? 12 கேமராக்களை வரிசையாக வைத்து, குதிரை கடக்கக் கடக்க ஒவ்வொன்றாக இயங்க வைத்தார். நம்மூர் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் தாமே கோத்துக் கட்டிய கேமராவில், கறுப்பு வெள்ளைப் பிலிமில் காட்டு யானைகளை எடுத்தார். 1970-இல் பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது. இவர்களில் யார் கருவி போதவில்லை என்று வீட்டில் உட்கார்ந்தார்கள்?

ஜல்லிக்கட்டு வரும்வரை காத்திருக்காதே. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாய்ந்து கம்பம் வயல்களில் தொளி அடிக்கும்போது டிராக்டரின் பின்னாலேயே கொக்குகள் இறங்கும். காசு கேட்காத பள்ளிக்கூடம் அது. கொக்கு எழும்புமுன் காலை மடக்கிக் குனியும், பெரும்பாலும் காற்றை எதிர்த்தே கிளம்பும். காற்று உன் முதுகில் படும்படி வரப்பில் நின்றால் அது உன்னைப் பார்த்தே சிறகு விரிக்கும். ஷட்டர் ஸ்பீடை 1/2000-க்கு ஏற்று. வெயில் ஏறுமுன் வயலுக்குப் போ. பேட்டரியை இன்றிரவே சார்ஜில் போடு.