களஞ்சியமும் பந்தியும்

கல்வியைத் தானங்களில் ஒன்றாக வைத்த மரபு நம்முடையது. கொடுக்கக் கொடுக்கக் குறையாத பொருள் என்பதால் அதை அள்ளிக் கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை. இணையவழி இலவச வகுப்புகள் அந்த எண்ணத்தின் உச்சம்போலத் தெரிகின்றன. 2012இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மின்சுற்றுகள் பற்றிய ஒரு பாடத்தை உலகத்துக்கே திறந்துவிட்டபோது ஏறத்தாழ 1,55,000 பேர் பதிவு செய்தார்கள். தேறியவர்கள் 7,157 பேர். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே ஓர் அறக்கேள்வி நிற்கிறது: கதவைத் திறந்துவைத்தாலே கொடுத்ததாக ஆகிவிடுமா?

ஆகாது. நெற்களஞ்சியத்தைத் திறந்துவிடுவது அன்னதானம் அல்ல. இலை பார்த்துப் பரிமாறினால்தான் அன்னதானம். பவணந்தி முனிவரின் நன்னூல், மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று வகை பிரிக்கிறது. கற்பவரின் கொள்திறன் அறிந்து கற்பிப்பதையும் ஆசிரியரின் கடமையாக்குகிறது. கடைசி நான்கு வகையினரை இழிவுபடுத்தும் பட்டியல் என்று அதைக் குறைசொல்லலாம். ஆனாலும், எதிரே இருப்பவர் யாரென்று பார்க்காமல் பாடம் தொடங்காது என்ற தெளிவு அதில் இருக்கிறது. காணொளிக்கு அந்தக் கண் இல்லை. ஒரு சமன்பாட்டின் மூன்றாம் வரியில் தடுக்கிய மாணவி பின்னுக்கு ஓட்டிப் பார்க்கிறாள். அதே குரல் அதே வாக்கியத்தை அதே வேகத்தில் சொல்கிறது. வகுப்பறையாக இருந்தால் அவள் புருவம் சுருங்கியதுமே வேறோர் உதாரணம் வந்திருக்கும். நன்னூல் சொல்லும் அன்னம் போன்ற தேர்ந்த மாணாக்கருக்கு இந்தக் குறை உறைக்காது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் இத்தகைய பாடங்களில் சேர்ந்தவர்களிடம் நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. அவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள். பசித்தவருக்கென்று திறந்த களஞ்சியத்தில் உண்டவர்கள் பெரும்பாலும் வயிறு நிறைந்தவர்களே.

புத்தகமும்தான் வாசகனை அறியாது, அதை யார் குறை சொன்னார்கள் என்று கேட்கலாம். சரிதான், ஆனால் புத்தகம் தன்னை வகுப்பு என்று சொல்லிக்கொண்டதில்லை. பதிவு செய்பவர் எல்லாரும் முடிக்க வந்தவர்கள் அல்லர், ஒரே ஒரு பாடத்தைக் கேட்க வந்தவருக்கு அது கிடைத்தால் போதாதா என்பது இன்னொரு மறுப்பு. அதிலும் நியாயம் உண்டு. தேர்ச்சிக் கணக்கு மட்டுமே அளவுகோல் ஆகாது. ஆனால் பாதியில் போனவர் நிறைவோடு போனாரா, புரியாமல் போனாரா என்று கேட்க அங்கே ஆளில்லை. ஏகலைவன் மண்சிலையை வைத்துக் கற்கவில்லையா என்பது மூன்றாவது. கற்றான், ஆனால் அந்தக் கதை ஏகலைவனின் பெருமையைச் சொல்கிறது, துரோணரின் பெருமையை அல்ல. கற்பிக்க மறுத்தவர் கட்டைவிரலை மட்டும் கேட்டு வாங்கினார். ஏகலைவர்களை எண்ணிக் காட்டி, கற்பித்ததாகப் பெருமை கொள்வதும் அதே தவறுதான்.

அதற்காகக் களஞ்சியத்தை மூடிவிட வேண்டியதில்லை. பரிமாற ஆள் வேண்டும். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களைக் காசில்லாமல் கேட்கலாம். பல கல்லூரிகளில் அதற்கெனக் கிளையும் வழிகாட்டி ஆசிரியரும் உண்டு. அந்த ஆசிரியர் பெயரளவில் இருக்கிறாரா, வாரம் ஒருமுறையாவது மாணவரின் எதிரே உட்கார்ந்து ‘எங்கே புரியவில்லை?’ என்று கேட்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவர் கேட்கும்போதுதான் இலவசப் பாடம் கல்வித் தானமாகிறது.