தட்டச்சு மேசையிலிருந்து எழுந்தவர்

ஜெர்மானியர் பிடியில் பாரிஸ் சிக்கியிருந்த காலத்தில், சிமோன் காமின்கெர் என்ற இளம்பெண் 'லே நூவோ தாம்' நாளிதழில் தட்டச்சராக வேலை பார்த்தார். யூத வழிவந்த தந்தை லண்டனுக்குப் போய்விட்டார். தாயும் இரண்டு தம்பிகளும் இவர் சம்பளத்தை நம்பியிருந்தார்கள். பத்திரிகையின் அதிபர் ழான் லுஷேர், நாஜிகளுக்கு ஒத்தூதியவர், பள்ளித் தோழி கொரீனின் தந்தை. 1941இல் சிமோன் அந்த வேலையை உதறினார். தாயின் குடும்பப் பெயரான சின்யோரேயைச் சூடிக்கொண்டு, தொழில் அனுமதி கிடைக்காத நிலையில், திரைப்படங்களில் வசனமில்லாத துணை வேடங்களில் கூட்டத்தோடு நின்றார். 1950இல் 'லா ரோந்த்', 1952இல் 'காஸ்க் தோர்', 1960இல் ஆஸ்கர். கொரீனோ 1938இலேயே நட்சத்திரம். போருக்குப் பின் அவர் தந்தை லுஷேர் சுட்டுக் கொல்லப்பட்டார். மகளின் குடிமை உரிமைகள் பத்தாண்டுக்குப் பறிக்கப்பட்டன. 1950இல், 28 வயதில், காசநோய் அவரைக் கொண்டுபோனது.

இதில் சிமோனுக்குரிய பாராட்டு எவ்வளவு, ஊழின் பங்கு எவ்வளவு? நம் கையில் இல்லாதவற்றை வைத்தே நம் ஒழுக்கம் எடைபோடப்படுகிறது என்ற சங்கடத்தை 1976இல் தத்துவ அறிஞர்கள் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் விவாதப் பொருளாக்கினார்கள். எல்லாமே தற்செயல் என்றால் பாராட்டுக்கே இடமில்லை என்பார்கள் சிலர். நான் ஏற்கவில்லை. வறுமையும் தோழமையும் சிமோனை அந்த மேசையில் உட்காரவைத்தன; அதே வறுமை அவரை அங்கேயே இருத்தியிருக்கவும் வேண்டும். சூழல் இழுத்த திசைக்கு எதிராக எழுந்தது மட்டும் அவருடையது. யூதத் தந்தையின் மகள் அஞ்சி விலகினார் என்ற வாதமும் நிற்காது: லுஷேரின் நிழல்தான் அன்று அவருக்குப் பாதுகாப்பு, வெளியே அனுமதிச் சீட்டுகூட இல்லை. பாரிஸின் கஃபே ஃப்ளோரில் கிடைத்த இடதுசாரி நண்பர்கள் துணிவூட்டினார்கள் என்பது வலுவான மறுப்பு. அந்த நட்பும் அதிர்ஷ்டமே, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துணிவுக்குத் துணை கிடைத்ததால் துணிவு இல்லாமல் போய்விடாது.

எனக்கு நெருடுவது வேறொன்று. சிமோன் விட்டுப் போனது ஒரு முதலாளியை. கொரீன் விலகியிருந்தால் விட்டிருக்க வேண்டியது தந்தையை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து ஒருத்திக்குப் புகழும் மற்றவளுக்குத் தண்டனையும் அளப்பது நீதியாகாது. கொரீனைக் குற்றமற்றவர் என்று சொல்ல வரவில்லை. ஆக்கிரமிப்பாளர்களோடு விருந்துகளில் திளைத்தவர் அவர். இருவருமே தன்வரலாறு எழுதினார்கள். பத்திரிகையில் வேலை பார்த்ததை சிமோன் மறைக்கவுமில்லை. உலகப் புகழ் பெற்றவர் சொன்னபோது அது நேர்மை. வீழ்ந்தவர் சொன்னபோது வெறும் சமாதானம்.